கடற்கரைக்குக் கிளம்பிய குடும்பங்களும் காலியான பாறைக் குட்டைகளும்

விடுமுறை நாளில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போவது இன்று மிகச் சாதாரணமான விஷயம். அப்பா ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பார், அம்மா சாப்பாட்டுப் பையைப் பிரிப்பார், குழந்தைகள் கிளிஞ்சல் பொறுக்குவார்கள், நண்டு வளையைத் தோண்டிப் பார்ப்பார்கள். ஆதி காலத்திலிருந்தே மனிதர்கள் இப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று நமக்குத் தோன்றும். ஆனால் உண்மை அதுவல்ல. கடற்கரைக்கு "சும்மா" போவது, போன இடத்தில் உயிரினங்களைத் தேடிப் பார்ப்பது என்ற பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் முக்கியமான அத்தியாயம் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில் எழுதப்பட்டது. அதில் ஒரு தந்தை, ஒரு தாய், ஒரு மகன் இருக்கிறார்கள். அவர்கள் பின்னால் கூடை தூக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வருகின்றன. கடைசியில் ஒரு இழப்பும் இருக்கிறது.

பயமுறுத்திய கடல் மருந்தானது

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இங்கிலாந்தில் வசதியான குடும்பங்கள் கடற்கரையைத் தேடிப் போகவில்லை. கடற்கரை என்றால் மீனவர்களின் இடம், கள்ளக்கடத்தல்காரர்களின் இடம், கப்பல் உடைந்து பிணங்கள் ஒதுங்கும் இடம்.

இந்த எண்ணத்தை மாற்றியவர்கள் கவிஞர்கள் அல்ல, மருத்துவர்கள்! ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர் 1750ல் கடல் நீரின் மருத்துவ குணங்களைப் பற்றி லத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். கடலில் குளித்தால் நல்லது, கடல் நீரைக் குடித்தாலும் நல்லது என்பது அவருடைய கட்சி. நோயாளிகள் பிரைட்டன் நகருக்கு வர ஆரம்பித்தார்கள். 1789ல் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் உடல்நலம் தேற வெய்மவுத் கடற்கரைக்குக் குடும்பத்தோடு வந்தார். ராஜாவே போகிறார் என்றால் பிறகு கேட்க வேண்டுமா? கடற்கரை நாகரிகமான இடமாகிவிட்டது.

அடுத்தது ரயில். 1841ல் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. டெவன் மாவட்டத்தின் டார்க்கீ நகரத்துக்கு 1848ல் ரயில் வந்தது. முன்பு பணக்காரர்கள் மட்டும் குதிரை வண்டியில் போன இடங்களுக்கு இப்போது குமாஸ்தாவும் கடைக்காரரும் மனைவி மக்களோடு போக முடிந்தது.

போன இடத்தில் என்ன செய்வது?

இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. அந்தக் காலத்து ஆங்கில நடுத்தரக் குடும்பங்களில் பக்தி அதிகம். நேரத்தை வீணடிப்பது பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். இரண்டு வாரம் மணலில் சும்மா உட்கார்ந்திருக்க மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

இதற்கு இயற்கை ஆராய்ச்சி ஒரு நல்ல வழியாக அமைந்தது. படைப்பைக் கவனித்தால் படைத்தவனின் அறிவு தெரியும் என்ற கருத்து அப்போது பரவலாக இருந்தது. வில்லியம் பேலி என்ற பாதிரியார் 1802ல் எழுதிய நூல் இதைத்தான் விரிவாகச் சொன்னது. எனவே பாசி சேகரிப்பதும் கிளிஞ்சல் சேகரிப்பதும் பொழுதுபோக்கு, படிப்பு, பக்தி மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த வேலையாகப் பார்க்கப்பட்டன. பெண்களும் குழந்தைகளும் கௌரவத்துக்குக் குறைவில்லாமல் இதில் ஈடுபட முடிந்தது.

கரையில் அலைந்து அறிவியலுக்கு உதவிய பெண்கள் இதற்கு முன்பே இருந்தார்கள். லைம் ரீஜிஸ் ஊரில் மர வேலை செய்த ரிச்சர்ட் ஆனிங், தன் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் புதைபடிவங்களைத் தேடி எடுத்துப் பயணிகளுக்கு விற்றார். அது உல்லாசப் பயணம் அல்ல, வயிற்றுப்பாடு. 1810ல் அவர் இறந்தார். 1811ல் மகன் ஜோசப் ஒரு பெரிய மண்டை ஓட்டைக் கண்டான். அந்த விலங்கின் மீதி எலும்புகளை 1812ல் தேடிக் கண்டுபிடித்தவள் தங்கை மேரி ஆனிங். அப்போது அவளுக்கு 12, 13 வயதுதான்! அது இக்தியோசாரஸ் என்ற பழங்காலக் கடல் ஊர்வன. டார்க்கீயில் வாழ்ந்த அமீலியா கிரிஃபித்ஸ் என்ற விதவை, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே கடற்பாசிகளை ஆராய்ந்தார். 1817ல் சுவீடன் அறிஞர் அகார்டு ஒரு பாசி இனத்துக்கு அவர் பெயரையே வைத்தார்.

ஆனால் இவையெல்லாம் உலர்ந்த பாசியும் கல்லாகிப்போன எலும்பும்தான். உயிரோடு இருக்கும் கடலை வீட்டுக்குக் கொண்டுவர யாருக்கும் வழி தெரியவில்லை.

ஜாடிக்குள் கடல்

கடல் உயிரினங்களை ஒரு பாத்திரத்தில் போட்டால் ஓரிரு நாளில் நீர் கெட்டு எல்லாம் செத்துவிடும். 1846ல் ஆனா தைன் என்ற பெண்மணி டார்க்கீயிலிருந்து சில கல் பவள உயிர்களை ஒரு ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுபோனார். அவர் கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் மதகுரு. ஜாடியின் நீர் கெடாமல் இருக்க, திறந்த ஜன்னல் அருகே நின்று அதை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். நம் ஊரில் டீ ஆற்றுவது போலத்தான். தினமும் அரை மணி நேரத்துக்கு மேல் இதைச் செய்தது வீட்டுப் பணிப்பெண். வரலாற்றில் அவள் பெயர் இல்லை.

அடுத்த ஆண்டு ஆனா தைன் நீரில் கடற்பாசியைப் போட்டுப் பார்த்தார். பாசி வெளிச்சத்தில் ஆக்சிஜனை வெளிவிடும், விலங்குகள் அதைச் சுவாசிக்கும், விலங்குகள் விடும் கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்ளும். 1850ல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் இந்தச் சமநிலையை நன்னீர் மீன், நீர்ச்செடி, நத்தை ஆகியவற்றை வைத்து நிரூபித்துக் கட்டுரை எழுதினார். நத்தைக்கு என்ன வேலை என்றால், அழுகும் இலைகளைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைப்பது.

இதற்கிடையில் 1845ல் இங்கிலாந்து அரசு கண்ணாடி மீதான வரியை நீக்கியிருந்தது. கண்ணாடி மலிவானது. தொட்டி செய்யப் பொருள் இருக்கிறது, தொட்டியை உயிரோடு வைக்கும் சூத்திரம் இருக்கிறது, கடலுக்குப் போக ரயில் இருக்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்து மக்களுக்குச் சொல்ல ஒரு ஆள் மட்டும் தேவைப்பட்டது.

பிலிப் ஹென்றி கோஸ்

அந்த ஆள்தான் பிலிப் ஹென்றி கோஸ். 1810ல் பிறந்தவர். இளமையில் கனடாப் பக்கம் நியூஃபவுண்ட்லாந்தில் குமாஸ்தா வேலை பார்த்தவர், விவசாயம் செய்து தோற்றவர், அமெரிக்காவின் அலபாமாவில் பள்ளிக்கூடம் நடத்தியவர், ஜமைக்காவில் பறவைகளை ஆராய்ந்தவர். கல்லூரிப் படிப்பு கிடையாது. தானாகவே கற்று, தானாகவே படம் வரைந்து, புத்தகம் எழுதிப் பிழைத்தார். பிளிமத் சகோதரர்கள் என்ற மிகக் கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். பைபிளில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் உண்மை என்று நம்பியவர்.

1848ல் எமிலி போஸ் என்ற எழுத்தாளரை மணந்தார். 1849 செப்டம்பரில் மகன் எட்மண்ட் பிறந்தான். அன்றைய நாட்குறிப்பில் கோஸ் மகன் பிறந்ததையும், ஜமைக்காவிலிருந்து ஒரு பறவை மாதிரி வந்துசேர்ந்ததையும் அடுத்தடுத்து எழுதி வைத்தார். மனிதர் எப்படிப்பட்டவர் என்று இதிலேயே தெரிந்துவிடும்!

ஓயாத வேலையால் கோஸின் உடல்நலம் கெட்டது. 1852 தொடக்கத்தில் மனைவியையும் இரண்டு வயது மகனையும் கூட்டிக்கொண்டு டெவனுக்கு வந்தார். முதலில் டார்க்கீ அருகே செயின்ட் மேரிசர்ச், பிறகு வடக்குக் கரையில் உள்ள இல்ஃப்ரகூம். உடம்பைத் தேற்ற வந்த இடத்தில் அவருக்கு ஒரு புதிய உலகம் திறந்தது.

அந்த உலகம் பாறைக் குட்டைகள். கடல் வற்றும்போது பாறை இடுக்குகளில் தேங்கி நிற்கும் நீர்தான் பாறைக் குட்டை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் வழக்கத்தைவிட அதிகம் ஏறும், அதிகம் உள்வாங்கும். மற்ற நாட்களில் நீருக்கடியில் கிடக்கும் பாறைகள் அப்போது ஓரிரு மணி நேரம் வெளியே தெரியும். இல்ஃப்ரகூம் இருக்கும் பிரிஸ்டல் கால்வாயோ, உலகிலேயே கடல் ஏற்ற இறக்கம் மிக அதிகமான பகுதிகளில் ஒன்று. அந்தக் குட்டைகளில் பூ விரிந்தது போலக் கடற்சாமந்திகள், நட்சத்திர மீன்கள், கண்ணாடி போன்ற இறால்கள், கடற்பஞ்சுகள், சிறு பவளங்கள் எல்லாம் இருந்தன. கடற்சாமந்தி பார்ப்பதற்குத்தான் பூ. உண்மையில் அது ஒரு வேட்டை விலங்கு. இதழ் போலத் தெரிவதெல்லாம் கொடுக்குச் செல்கள் நிறைந்த உணர்கொம்புகள். தொட்ட சிறு மீனையும் இறாலையும் அது செயலிழக்கச் செய்து விழுங்கிவிடும்.

இந்த அனுபவத்தை கோஸ் 1853ல் டெவன் கடற்கரை உலாக்கள் பற்றிய புத்தகமாக வெளியிட்டார். அதே ஆண்டு லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் உலகின் முதல் பொது மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்கு கோஸ் உயிரினங்களைச் சேகரித்துக் கொடுத்தார். 1854ல் "தி அக்வேரியம்" என்ற அவரது புத்தகம் வந்தது. அக்வேரியம் என்ற சொல் இன்றைய பொருளில் மக்கள் நாவில் புழங்கக் காரணம் இந்தப் புத்தகம்தான். கையால் வரைந்த ஓவியங்களை வண்ணத்தில் அச்சடித்திருந்தார்கள். அதே ஆண்டில் சமையல் உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கையும் நீரில் கலந்து செயற்கைக் கடல் நீர் செய்யும் முறையையும் வெளியிட்டார். கடலைப் பார்க்காத ஊரிலும் இனி கடல் தொட்டி வைக்கலாம்!

பைத்தியமான ஒரு தேசம்

இதற்குப் பிறகு நடந்ததை ஒரு பைத்தியம் என்றுதான் சொல்ல வேண்டும். பார்வையாளர் அறையில் ஒரு கடல் தொட்டி இருப்பது பெருமையானது. லண்டனில் உயிருள்ள கடற்சாமந்திகளையும் தொட்டிகளையும் விற்கவே வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட் என்பவர் கடை திறந்தார். (இந்த மீன்காட்சியக மோகம் பிறகு உலகம் சுற்றியது. சென்னை மெரினாவில் 1909ல் ஒரு மீன்காட்சியகம் திறக்கப்பட்டதும் அந்த வரிசையில் வந்ததுதான்.)

1855ல் கோஸ் இல்ஃப்ரகூமில் கடற்கரை வகுப்பே நடத்தினார். ஆண்களும் பெண்களுமாக ஒரு கூட்டம் அவர் பின்னால் பாறைகளில் ஏறி இறங்கியது. கையில் சுத்தியல், உளி, கூடை, ஜாடிகள். கடற்சாமந்தி பாறையை அட்டை போலப் பிடித்துக்கொள்ளும். பிய்த்தால் அடிப்பாகம் கிழிந்து செத்துவிடும். எனவே அது ஒட்டியிருக்கும் பாறைத் துண்டையே உளியால் வெட்டி எடுக்க வேண்டும்.

அதே 1855ல் சார்லஸ் கிங்ஸ்லி என்ற எழுத்தாளர் கடற்கரை அதிசயங்கள் பற்றி "கிளாக்கஸ்" என்ற நூலை எழுதினார். 1856ல் ஜார்ஜ் ஹென்றி லூயிஸும், பிற்காலத்தில் ஜார்ஜ் எலியட் என்ற பெயரில் புகழ்பெற்ற நாவலாசிரியை மேரி ஆன் எவன்ஸும் இல்ஃப்ரகூமுக்கு வந்து பாறைகளில் உயிரினம் தேடினார்கள். லூயிஸ் அதை வைத்து ஒரு புத்தகம் எழுதினார். 1857ல் ஜே.ஜி. வுட் என்ற பாதிரியார் கடற்கரையில் சாதாரணமாகக் காணப்படும் பொருட்கள் பற்றி மலிவு விலையில் ஒரு கையேடு போட்டார். 1858ல் பன்ச் என்ற நகைச்சுவைப் பத்திரிகையில் ஜான் லீச் ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். கடல் வற்றிய நேரத்தில் பாறைகளில் "சாதாரணமாகக் காணப்படும் பொருட்கள்" எவை? குனிந்து தேடும் பெண்களின் அகன்ற பாவாடைகள்தான்!

பெண்களின் உடை உண்மையிலேயே பெரிய பிரச்சினையாக இருந்தது. மார்கரெட் கேட்டி என்ற பாதிரியார் மனைவி, 1848ல் ஹேஸ்டிங்ஸ் கடற்கரையில் உடம்பு தேறுவதற்காகத் தங்கியபோது கடற்பாசிகளில் ஆர்வம் கொண்டார். பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொண்டே ஆராய்ந்து, 1863ல் பிரிட்டிஷ் கடற்பாசிகள் பற்றிப் பெரிய நூல் எழுதினார். அதில் பெண்களுக்கு அவர் கொடுத்த ஆலோசனை: பாவாடை கணுக்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது, ஆண் பிள்ளைகள் வேட்டைக்குப் போடும் கனமான பூட்ஸைப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் இதை எழுதவே துணிச்சல் வேண்டும்.

அக்காலக் குடும்பக் கடற்கரைப் பயணம் எப்படி இருந்தது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு ஓவியம் இருக்கிறது. வில்லியம் டைஸ் வரைந்த "பெக்வெல் விரிகுடா". 1858 அக்டோபர் 5ஆம் தேதி நினைவாக வரையப்பட்டது. கென்ட் மாவட்டக் கரையில் சுண்ணாம்புப் பாறைகளின் கீழே ஓவியரின் மனைவி, அவரது இரண்டு சகோதரிகள், ஓவியரின் சிறு மகன் ஆகியோர் நிற்கிறார்கள். சிலர் குனிந்து கிளிஞ்சல் பொறுக்குகிறார்கள். வானத்தில் மங்கலாக டொனாட்டி வால்நட்சத்திரம். கீழே கிளிஞ்சல், பின்னால் கோடிக்கணக்கான ஆண்டுப் பழைய பாறை, மேலே வால்நட்சத்திரம். ஒரு குடும்பம் மாலை நேரத்தில் கரையில் நிற்கும் சாதாரணக் காட்சியில் அந்தக் காலத்தின் முழு யோசனையும் இருக்கிறது.

அப்பாவும் மகனும்

இந்தப் பரபரப்புக்கு நடுவே கோஸின் வீட்டில் துயரம் வந்தது. 1857 பிப்ரவரியில் எமிலி மார்பகப் புற்றுநோயால் இறந்தார். எட்மண்டுக்கு ஏழு வயது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் கோஸ் "ஓம்பலோஸ்" என்ற நூலை வெளியிட்டார். பூமிக்கு வயது மிக அதிகம் என்று பாறைகள் சொல்கின்றன, பைபிளோ வேறு சொல்கிறது. இரண்டையும் எப்படி ஒத்துப்போக வைப்பது? கடவுள் உலகத்தைப் படைக்கும்போதே பழையது போன்ற அடையாளங்களோடு படைத்துவிட்டார் என்று கோஸ் சொன்னார். ஆதாமுக்குத் தொப்புள் இருந்தது போல! நாத்திகர்களும் சிரித்தார்கள், ஆத்திகர்களும் ஏற்கவில்லை. நண்பர் கிங்ஸ்லிகூட ஒப்புக்கொள்ள மறுத்துக் கடிதம் எழுதினார். புத்தகம் விற்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து 1859ல் டார்வினின் நூல் வந்தது.

மனைவியையும் இழந்து, அறிவியல் உலகின் மதிப்பையும் பெருமளவு இழந்த மனிதர் மகனோடு செயின்ட் மேரிசர்ச்சுக்கே வந்து குடியேறினார். வீட்டில் பிரார்த்தனை, பைபிள், தனிமை. கதைப் புத்தகம் கிடையாது. விளையாடத் தோழர்களும் மிகக் குறைவு. எட்மண்டின் குழந்தைப் பருவம் ஒரு மூடிய அறை போல இருந்தது. அந்த அறைக்கு இருந்த ஒரே ஜன்னல் கடற்கரைதான்.

ஆடிகூம், பாபகூம் கரைகளுக்கு இருவரும் போவார்கள். அப்பா மார்பளவு நீரில் இறங்கிப் பாறையின் அடிப்பக்கத்தைத் துழாவுவார். பையன் சிறு குட்டைகளைப் பார்ப்பான். அப்போது கோஸ் பிரிட்டனின் கடற்சாமந்திகள் பற்றிய தன் பெரிய நூலை எழுதிக்கொண்டிருந்தார். 1860ல் அது முழுமையடைந்தது. அந்த வேலையின்போது, பத்து வயது நிரம்பாத எட்மண்ட் ஒருநாள் கரையில் இதுவரை பார்க்காத ஒரு கடற்சாமந்தியைக் கண்டுபிடித்துக் காட்டினான். தந்தை அதை ஆராய்ந்து ஃபெல்லியா முரோசிங்க்டா என்று பெயரிட்டார். ஒரு சிறுவனுக்கு இதைவிடப் பெருமை என்ன வேண்டும்?

வீட்டுக்கு வந்தால் அவன் அப்பாவைப் போலவே தானும் "ஆராய்ச்சி நூல்" எழுதுவான். வண்ணம் தீட்டி, உயிரினங்களுக்குப் பெயர் வைப்பான். ஆனால் எல்லாம் இருப்பது போலவே இருக்கும் இல்லாத உயிரினங்கள்! இங்கே ஒரு புள்ளி கூடுதல், அங்கே ஒரு நிறம் மாற்றம். உண்மையை அணுவளவும் மாற்றாத தந்தைக்கு இது வேதனையாக இருந்தது. மகன் விஞ்ஞானி ஆகவில்லை. இலக்கிய விமர்சகர் ஆனார்.

எட்மண்ட் வளர்ந்த பிறகு தந்தையின் நம்பிக்கையிலிருந்து விலகினார். 1907ல் "தந்தையும் மகனும்" என்ற தன்வரலாற்று நூலை எழுதினார். தந்தையின் கண்டிப்பையும் அது தன் மீது செலுத்திய அழுத்தத்தையும் அதில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஆனால் கடற்கரைப் பக்கங்கள் வரும்போது மட்டும் தொனி மாறிவிடுகிறது. பாறைக் குட்டையின் மேல் குனிந்திருக்கும்போதுதான் அப்பா மிக மகிழ்ச்சியாகவும் மிக மனிதராகவும் இருந்தார் என்கிறார். வீட்டில் கிடைக்காத அப்பா கரையில் கிடைத்தார்.

காலியான குட்டைகள்

அதே நூலில்தான் அந்த இழப்பும் வருகிறது. தன் சிறு வயதில் பார்த்த கடற்கரையை இனி இங்கிலாந்தில் யாரும் பார்க்க முடியாது என்று எட்மண்ட் எழுதினார். யாரும் கண்டுகொள்ளாமல் இருந்ததால்தான் அந்த அழகு யுகயுகமாகப் பிழைத்திருந்தது. சேகரிப்பவர்கள் படையாக வந்து மூலை முடுக்கெல்லாம் சூறையாடிவிட்டார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. நல்ல மனிதர்கள்தான், வெறும் ஆர்வம்தான். அந்தப் படையைக் கூட்டி வந்தது தன் புத்தகங்கள்தான் என்பதைத் தந்தை தன் வாழ்நாளிலேயே உணர்ந்து மிகவும் வருந்தினார் என்றும் மகன் சொல்கிறார்.

இது எப்படி நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். கோஸ் எந்த ஊரில், எந்தப் பாறையில், எந்த உயிரினம் கிடைக்கும் என்று துல்லியமாக எழுதினார். வாசகர்கள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே பாறைக்கு வந்தார்கள். ஒவ்வொருவரும் "ஒன்றே ஒன்று" எடுத்தார்கள். உளியால் வெட்டிய பாறை திரும்ப வளராது. கல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்படியே போட்டுவிட்டால், அதன் அடியில் ஈர நிழலில் வாழ்ந்த கடற்பஞ்சும் புழுவும் முட்டைகளும் வெயிலில் காய்ந்துபோகும். மேல் பக்கத்தில் இருந்த பாசி இருட்டில் அழுகும். ஒரு கல் புரண்டால் இரண்டு பக்கமும் சாவு.

எடுத்துப் போனவையாவது பிழைத்தனவா? பெரும்பாலும் இல்லை. தொட்டியில் உயிர்கள் அதிகமானாலும் வெயில் அதிகமானாலும் நீர் கெட்டுவிடும். ஒன்று செத்தால் அந்த அழுகலில் மற்றவையும் சாகும். 1860களில் மோகம் வடிந்தது. தொட்டிகள் பரணுக்குப் போயின.

ஒரு கடற்சாமந்தியின் ஆயுள் எவ்வளவு என்று தெரிந்தால் இந்த இழப்பின் அளவு புரியும். ஸ்காட்லாந்தில் ஜான் டாலியெல் என்ற ஆய்வாளர் 1828ல் நார்த் பெர்விக் கரையிலிருந்து ஒரு சாதாரணச் சிவப்புக் கடற்சாமந்தியை எடுத்து ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தார். நீரை விடாமல் மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். டாலியெல் 1851ல் இறந்தார். கடற்சாமந்தி சாகவில்லை! ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி எடின்பரோவில் வாழ்ந்தது. "பாட்டி" என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 1887ல்தான் அது இறந்தது. பாத்திரத்தில் மட்டும் 59 ஆண்டுகள்! அதே இனத்து உயிர்கள்தான் பார்வையாளர் அறைத் தொட்டிகளில் செத்து, சாக்கடையில் கொட்டப்பட்டன.

குற்றம் யாருடையது?

எட்மண்ட் சொன்னதை அப்படியே முழு உண்மையாக எடுத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், தாயில்லாமல் வளர்ந்த தன் குழந்தைப் பருவத்தின் ஒரே சந்தோஷத்தை நினைத்து எழுதியது அது. அந்த உயிரினங்கள் அடியோடு அழிந்துவிடவில்லை. சிவப்புக் கடற்சாமந்தி இன்றும் டெவன் பாறைக் குட்டைகளில் சாதாரணமாகக் காணப்படும் உயிர்தான். கடலிலிருந்து நீந்தி வரும் இளம் உயிர்கள், தொல்லை நின்றால், காலியான பாறையில் மீண்டும் ஒட்டி வளரும்.

கோஸை மட்டும் குற்றவாளியாக நிறுத்துவதும் நியாயமில்லை. அவர் எழுதியிருக்காவிட்டால் ஒரு தலைமுறையே கடலைக் குளிக்கும் தொட்டியாக மட்டும் பார்த்திருக்கும். டெவனிலேயே பிளிமத் நகரில் கடல் உயிரியல் ஆய்வுக்கூடம் ஒன்று 1888ல் திறக்கப்பட்டது. கோஸ் இறந்ததும் அதே ஆண்டுதான். இல்ஃப்ரகூமிலிருந்து கப்பலில் போகக்கூடிய லண்டி தீவின் கடல் பகுதி 1986ல் பிரிட்டனின் முதல் சட்டப்பூர்வ கடல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆர்வம் இல்லாத இடத்தில் ஆய்வுக்கூடமும் வராது, காப்பகமும் வராது.

ஆனால் அவர் காலத்தில் ஒரு பாடம் மட்டும் விட்டுப்போயிருந்தது. கண்டுபிடிப்பது என்றால் எடுத்துக்கொள்வது என்றே எல்லோரும் நினைத்தார்கள். கடல் மிகப் பெரியது, நாம் ஒன்று எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்பது அன்றைய கணக்கு. கடல் பெரியதுதான். பாறைக் குட்டை சிறியது. நூறு குடும்பங்கள் ஒரே கோடையில் ஒரே குட்டையில் கை விட்டால் அது தாங்காது.

இன்று பாறைக் கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் சொல்லிக்கொடுக்கும் விதிகள் மிக எளிமையானவை. கல்லைப் புரட்டினால் பழையபடியே வை. வாளியில் எடுத்தால் பார்த்துவிட்டு எடுத்த குட்டையிலேயே விடு. பாறையைப் பிடித்திருப்பதைப் பிய்க்காதே. இந்த மூன்று வரிகளும் ஏதோ ஒழுக்கத்துக்காக எழுதப்பட்டவை போலத் தெரியும். அவற்றுக்குப் பின்னால் சூறையாடப்பட்ட ஒரு கடற்கரையும், தான் நேசித்த இடத்தைத் தன் எழுத்தே காலி செய்ததைப் பார்த்து வருந்திய ஒரு மனிதரும் இருக்கிறார்கள்.

அடுத்த முறை குடும்பத்தோடு கடலுக்குப் போகும்போது, நீர் தேங்கிய ஒரு பாறை இடுக்கைக் கண்டால் ஐந்து நிமிடம் அசையாமல் குனிந்து பாருங்கள். நிழல் விழாமல் இருந்தால் ஒளிந்திருந்த நண்டு வெளியே வரும், மூடியிருந்த சாமந்தி விரியும். எட்மண்ட் என்ற சிறுவனுக்குத் தன் அப்பாவோடு கிடைத்த சந்தோஷமும் இதுதான். அதற்கு உளி தேவைப்பட்டிருக்கவில்லை.